பூட்டும் சாவியும்

கேள்வி: பிள்ளைகள் வீடியோ கேமே கதியென்று கிடக்கிறார்கள். அரசாங்கமே சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன?

பதில்: அப்பா பெயரிலேயே பிள்ளை உள்ளே நுழைந்தால் யாரைத் தடுப்பீர்கள்? 2011-ல் தென்கொரியா, 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பெற்றோரின் அடையாள எண்ணைத் தட்டிவிட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். ஆட்டம் செல்போனுக்கு மாறியதும் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போனது. 2022 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. சீனாவில் 2000-லேயே வீடியோ கேம் கன்சோல்களுக்குத் தடை போட்டார்கள். அந்தத் தலைமுறை ஆட்டத்தை விட்டதா? கம்ப்யூட்டர் மையங்களில் போய் உட்கார்ந்தது. டென்சென்ட் போன்ற நிறுவனங்கள் ஆன்லைன் கேமிலேயே பெரிதாக வளர்ந்தன. 2021 முதல் அங்கே 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை அனுமதி. சட்டத்தால் முழுதாகத் தடுக்க முடியாது என்றால் கட்டுப்பாடே வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும், தூக்கம் கெட்டால் படிப்பும் உடம்பும் சேர்ந்தே கெடும். ஆனால் பிள்ளை எதை ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்பதை எந்தச் சட்டமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காது. கொரியாவும் சட்டத்தை நீக்கிய பிறகு, பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் நேரத்தை வரையறுக்கும் ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டது. உங்கள் பிள்ளை ஆடும் கேமின் பெயர் என்ன? இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.