டீக்கடை பெஞ்சுக்குப் பெயர் மாற்றம் கோரும் மனு

பெறுநர்: ஆணையர், திண்டுக்கல் மாநகராட்சி.
பொருள்: மர பெஞ்சை ‘கஃபே டெரஸ்’ எனப் பெயர் மாற்றிப் பதிவு செய்தல் – தொடர்பாக.



வெளிநாட்டில் குடியேறிய நம் பிள்ளைகள் எந்த ஊரின் அழகைச் சொல்லத் தொடங்கினாலும் கடைசியில் ஒரு தெருவோரக் கஃபேயில்தான் வந்து உட்காருகிறார்கள். கல் பாவிய தெரு, சாலையைப் பார்த்துப் போட்ட நாற்காலி, கையகல மேசை, ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேடிக்கை பார்க்கும் சுகம். படத்தைப் பார்த்து நாமும் சொக்கிப்போகிறோம். அந்தப் படத்தில் கல் தெருவுக்குப் பதில் நாகல்நகர் ரவுண்டானாவையும் நாற்காலிக்குப் பதில் மர பெஞ்சையும் வைத்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. குற்றம் பெயரில்தான் இருக்கிறது போலும். ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் மாற்றிப் பழகிய ஆட்சி நடைமுறைக்கு ஆறடி பெஞ்ச் ஒரு பாரமாக இருக்காது. நகராட்சியாக இருந்த தாங்களே 2014இல் மாநகராட்சி ஆனீர்கள். பெஞ்ச் மட்டும் இன்னும் பதவி உயர்வு இல்லாமல் கிடக்கிறது.

பாரிஸ் நகரத்து நாற்காலிகள் தானாக முளைத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கேயும் நடைபாதை நகர நிர்வாகத்தின் சொத்துதான். கஃபேக்காரர் விண்ணப்பித்து அனுமதி வாங்குகிறார். தெருவின் தரத்துக்கும் பிடிக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் கட்டுகிறார். நடப்பவருக்கு வழி விட்டுத்தான் நாற்காலி போடுகிறார். கொரோனாவுக்குப் பிறகு, 2021 முதல், கார் நிறுத்தும் இடத்திலும் கோடைக்காலத்தில் மேசை போட அனுமதி உண்டு. இரவு பத்து மணிக்கு மூடிவிட வேண்டும். அதாவது அங்கே காரை நகர்த்திவிட்டு மனிதர்களை உட்கார வைத்தார்கள். நம் ஊர்களிலோ மனிதர்களை எழுப்பிவிட்டால் அந்த இடத்தில் மறுநாளே பைக் நிற்கிறது. ஜேசிபி வந்து பெஞ்சைத் தூக்கிப்போவதற்கு டீசல் செலவு உண்டு, வரவு ஒரு பைசா இல்லை. ரசீது போட்டிருந்தால் அதே பெஞ்ச் வருமானம்.

வியன்னாவின் காபிக்கடைப் பண்பாட்டை 2011இல் ஆஸ்திரியா தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே செய்தித்தாளைக் கட்டையில் செருகிக் கொடுப்பது பெரிய விசேஷமாம். இங்கே ஒரே தினத்தந்தி நாலு தாளாகப் பிரிந்து, நாலு பேர் கைக்குப் போய், மடிப்புக் கலைந்தாலும் மாலைக்குள் ஊரையே படிக்க வைத்துவிடுகிறது. இதை எந்தப் பட்டியலும் கண்டுகொள்ளவில்லை. பிரான்ஸின் பெருநிலத்தில் காபி விளைவதில்லை. இங்கோ தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுத் தோட்டங்களில் விளைந்து பட்டிவீரன்பட்டியில் பதமாகும் கொட்டை நம் மாவட்டத்துச் சரக்கு. (சிக்கரியைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) 2019இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் பழனி மலைக் காபி அந்த வரிசையில் இல்லை. அதே ஆண்டில் நம் திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்தது. பூட்டுவதில் நமக்குள்ள திறமையை உலகம் அறிந்துகொண்டது. திறந்து வைத்து உட்காருவதில் உள்ள திறமையை இனிதான் அறிய வேண்டும்.

நடைபாதை நடப்பவருக்கு என்பீர்கள். முழுக்க உடன்படுகிறேன்; ஆனால் மின்மாற்றி, ஃப்ளெக்ஸ் பேனர் கட்டிய கம்பு, மூடி உடைந்த சாக்கடை, வரிசை கட்டிய பைக்குகள் எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் பெஞ்ச் கிடக்கிறது. நடப்பவருக்குத் தடையாவதில் அது கடைசி ஆள், அகற்றப்படுவதில் முதல் ஆள். தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது நினைவூட்டலாம். அந்தச் சட்டம் தெருவிலேயே விற்பவருக்கு. கடையை வாடகைக்குப் பிடித்து, உட்காரும் பலகையை மட்டும் வெளியே போட்டவர் அதில் வரமாட்டார். அவருக்கென்று தனியே ஒரு அனுமதிச் சீட்டுதான் வேண்டும்.

கனமான மறுப்பு வேறொன்று, அதைப் பகடியால் தாண்ட முடியாது. நம் டீக்கடை பெஞ்ச் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. இரட்டைக் குவளை வைத்த கடைகளில் சிலர் கிளாஸுடன் நின்றேதான் குடித்தார்கள். பெண்கள் இன்றும் பார்சல் வாங்கிக்கொண்டு நகர்கிறார்கள். அப்படிப்பட்ட பலகைக்கு ஏன் மரபுப் பெருமை என்று கேட்டால், அதற்காகத்தான் அனுமதிச் சீட்டு கேட்கிறேன். திருட்டு பெஞ்சுக்கு யாரும் நிபந்தனை போட முடியாது. அகற்றலாம், இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ரசீது வாங்கிய பெஞ்சுக்குப் போடலாம். யார் வந்து உட்கார்ந்தாலும் எழுப்பக் கூடாது, கிளாஸில் பேதம் கூடாது, மீறினால் அனுமதி ரத்து என்று ஒரே வரியில் எழுதலாம். பாரிஸ்காரர்களுக்கு இந்த நிபந்தனை தோன்றியிருக்காது. இது முழுக்க நம் சொந்தத் தயாரிப்பாக இருக்கும்.

ஆகவே, மணிக்கூண்டுப் பக்கம் ஒரே ஒரு கடை முன்னால் சுண்ணாம்பால் கோடு கிழித்து, கட்டணம் நிர்ணயித்து, ரசீதைப் பாய்லருக்கு மேலே மாட்டச் செய்து சோதித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ‘கஃபே டெரஸ்’ என்ற பெயரை வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொன்னால் போதும். நாங்கள் பெஞ்ச் என்றே அழைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நின்றபடி டீ குடிக்கும் ஒரு வரி செலுத்துபவர்

இணைப்பு: ஆறடி பெஞ்ச் ஒன்று (நாலு பேர் உட்கார்ந்திருப்பதால் இப்போது அனுப்ப இயலவில்லை).