லூப் ஆகாதவர்

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. இவருக்கு ஃபார் லூப் ஆகாது. ஆர் மொழியில் கணக்குப் பார்க்கும் அலுவலகம் எதுவானாலும் இப்படி ஒருவர் இருப்பார். புதிதாகச் சேர்ந்த பையன் ‘ஃபார்’ என்று தட்டி அடைப்புக்குறி திறப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்கும்.

“தம்பி, ஆயிரம் பேர் மார்க்கையும் ஒவ்வொண்ணா எடுத்து அஞ்சு கூட்டுவியா? மார்க்ஸ் ப்ளஸ் அஞ்சுன்னு எழுது. முடிஞ்சுது.”

நியாயம்தான். ஆரில் தனி எண்கூட ஓர் உறுப்புள்ள வெக்டர். கூட்டல் வரிசை முழுவதற்கும் ஒரே வீச்சில் நடந்துவிடும். ஆக்லாந்தில் இந்த மொழியை உருவாக்கிய ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஃபார் லூப்பை எதற்கு விட்டுவைத்தார்கள் என்பதில் அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

எண் சொல்லிக் கூப்பிட்டாலும் முகம் சுளிப்பார். “மூணாவதா? அதுக்குப் பேர் இல்லையா?” பேர் வைத்த லிஸ்ட்டில் ‘மதுரை’ என்று கேட்டால் மதுரைக் கணக்குதான் வரும், நடுவில் யாராவது விழுப்புரத்தைச் செருகினாலும் தடுமாறாது. எல்-அப்ளை போட்டால் விடையும் அதே பேர்களோடு திரும்பும். டாலர் குறி போட்டு ‘மது’ என்று அரைகுறையாகக் கேட்டாலும் லிஸ்ட் மதுரையை நீட்டிவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். முழுப்பேர் கேட்டுக் கறாராக நிற்பது இரட்டைச் சதுர அடைப்புதான்.

“எல்-அப்ளைக்கு உள்ளேயும் சி மொழியில ஒரு லூப்தானே சார் ஓடுது?” என்று ஒருநாள் பையன் கேட்டுவிட்டான்.

“கண்ணுக்குத் தெரியுதா?”

2017-இல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து லூப்புகளை ஆரே பைட்கோடாக மாற்றி ஓட்டுகிறது, பழைய மந்தம் இல்லை என்றதும் துக்கம் விசாரிக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இன்றைய பாக்கி நேற்றைய பாக்கியைப் பொறுத்தது என்கிற கடன் கணக்கு வந்தால்தான் பாவம். மூன்று வரி லூப்பில் தீரும் வேலை. இவரோ மதியச் சாப்பாட்டை விட்டு ரெட்யூஸோடு மல்லுக்கட்டி ஒரே வரியில் முடிப்பார். அடுத்த மாதம் அந்த வரி அவருக்கே புரியாது. பாட்ரிக் பர்ன்ஸ் எழுதிய ‘தி ஆர் இன்ஃபெர்னோ’வில் வெக்டராக எழுதத் தவறியவர்களுக்கு மூன்றாம் நரகம், இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். அளவுக்கு மீறி வெக்டராக்கியவர்களுக்கு நான்காம் நரகம். அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதாகத் தெரியவில்லை.

மாலையில் ஐந்து பேராக டீக்கடைக்குப் போனோம். “அஞ்சு டீ. சர்க்கரை உண்டு, இல்லை” என்று நிறுத்திக்கொண்டார்.

“மிச்ச மூணு பேருக்கு?” என்றார் மாஸ்டர்.

“அதுவே திரும்பத் திரும்ப வரும்.”

மாஸ்டரும் அப்படியே போட்டார். ஐந்தாவதாக நின்ற மேலாளருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வாய் குடித்துவிட்டு முறைத்தார்.

“நீளம் சரியா வகுபடலை, அதான். வெறும் வார்னிங்தான் சார், எர்ரர் இல்லையே?”