அது ஒண்ணும் பண்ணாது சார்

சென்னைப் பூங்காக்களில் நாள்தோறும் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான். கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடைபாதையை அடைத்து வரும். பத்தடி பின்னால் அரைக்கால் சட்டையில் எஜமானர். நாயின் கழுத்தில் இருக்க வேண்டிய வார் அவர் தோளில் அங்கவஸ்திரமாகக் கிடக்கும். முட்டிவலிக்கு நடக்க வந்த பாட்டி செடியோடு செடியாக ஒண்டிக்கொள்வார். "பயப்படாதீங்கம்மா, குழந்தை மாதிரி." பாட்டி பெற்று வளர்த்த குழந்தை எதற்கும் அந்த மாதிரிப் பல் முளைத்ததில்லை.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. தடுக்க ஓடிய தாயையும் விடவில்லை. நாட்டுக்கே தெரிந்த செய்தி. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள் என்பதும், குடும்பம் குடியிருந்ததே பூங்காவுக்குள்தான் என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 'நாய் இருக்கும் இடத்துக்குக் குழந்தையை ஏன் விட வேண்டும்?' என்று கேட்கும் கனவான்களே, அவள் எங்கும் போகவில்லை. நாய்கள்தான் அவள் வீட்டு வாசலுக்கு வந்தன.

நம் பூங்காக்களில் விதிக்குப் பஞ்சமில்லை. பந்து விளையாடாதே, பூப்பறிக்காதே, புல்லில் உட்காராதே, படுத்துத் தூங்காதே. அத்தனையும் கறாராக நடக்கின்றன. குடிசைப் பகுதிப் பையன் ரப்பர் பந்தோடு நுழைந்தால் விசில். உணவு கொண்டுபோகும் இளைஞன் வெயிலுக்குப் பெஞ்சில் சாய்ந்தால் லத்தியால் ஒரு தட்டு. காதலர்கள் என்றால் சொல்லவே வேண்டாம், கலாசாரமே அந்தப் பெஞ்சில்தான் ஊசலாடுகிறது. பெரிய காரிலிருந்து நாய் இறங்கினால் மட்டும் விசிலுக்குள் காற்று போகாது. போனால் என்ன நடக்கும் என்று காவலாளிக்குத் தெரியும். "நீ யாருய்யா கேக்க? உன் கான்ட்ராக்டர் நம்பரைக் குடு." மறுநாள் வேறொருவர் வந்து நிற்பார். நுங்கம்பாக்கத்துக்குப் பிறகு நாய்க்கு வாரும் வாய்ப்பூட்டும் கட்டாயம் என்றார்கள். வாய்ப்பூட்டு ஏற்கெனவே இருந்தது, காவலாளியின் வாயில்.

சென்னையை மட்டும் திட்டுவானேன்? 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில் கட்டிய தியாகராஜ் அரங்கில் ஓடிப் பழகிய பிள்ளைகளை மாலை ஏழு மணிக்கே வெளியேற்றுகிறார்கள், பிறகு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு அங்கே உலவுகிறார் என்று 2022 மே மாதம் செய்தி வந்தது. யாரையும் வெளியேற்றச் சொல்லவில்லை என்றார் அவர். இருக்கலாம், பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை நம் நாட்டில் என்றைக்கு இருந்தது? அவரை லடாக்குக்கும் அதிகாரியான அவர் மனைவியை அருணாசலத்துக்கும் மாற்றினார்கள். அந்த இரண்டு ஊர்க்காரர்களும் செய்த பாவம் என்னவோ.

நாய்க்கு ஓட இடம் வேண்டாமா என்று பிராணி நேசர்கள் கேட்பார்கள். வேண்டும். விலங்கு நல வாரியமும் பூங்காக்களில் நாய்களை ஒரேயடியாகத் தடுக்கக் கூடாது என்று 2015இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஆனால் சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, மே மாதச் சென்னையில், இரண்டு படுக்கையறை வீட்டில், ஏ.சி. போட்டு அடைத்து வைக்கச் சொன்னது எந்த வாரியம்? கௌரவத்துக்கு ஒரு ஜீவனை வாங்கிவிட்டு, அதன் மூத்திரத்துக்கும் மூச்சுக்கும் இடம் தருவது ஊரின் கடமையாம். தெருநாய் நுழைந்தால் "கார்ப்பரேஷன் வண்டியைக் கூப்பிடு" என்று முதலில் கத்துவதும் இவர்களேதான்.

ஊஞ்சலடி மணலுக்கு வருவோம். நாய் மலத்தில் வெளியேறும் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மணலை அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் போய்ப் பொரிந்தால் அந்தப் புழு கண்வரை போகக்கூடும். கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வாய்கூட வேண்டாம், வெறுங்கால் போதும். மலத்தை அள்ளப் பை கொண்டுவரும் எஜமானரைப் பார்த்தவர்கள் இருந்தால் மாலை போட்டு அழைத்து வாருங்கள்.

எனவே, வார்டுக்கு வார்டு இருக்கும் அந்தக் கைக்குட்டை அளவுப் பூங்காக்களில் நாய்க்கு இடமில்லை என்று எழுதிவையுங்கள். பெரிய பூங்காக்களில் வேலி போட்டு ஒரு மூலையை நாய்களுக்கு ஒதுக்குங்கள், நன்றாக ஓடட்டும். உரிமம் எடுக்காத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்த மாநகராட்சிக்கு இதெல்லாம் பெரிய வேலையா? அதே கையோடு பூங்காப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: நாயோடு வந்தவரை வெளியே போகச் சொன்ன காவலாளியை வேலையிலிருந்து தூக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அதே 5,000.