ரந்தாவில் ‘போர்ட்டு’ அடைபட்டமை: ஓர் ஆய்வு

ரந்தாவ் வட்டாரத்தில் ‘போர்ட்டு’ என்னும் சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: 1891-இல் சிரம்பானிலிருந்து கம்பிச்சடக்கு போய்ச் சேர்ந்த கடற்கரை, அதாவது போர்ட்டிக்சன். ஆகவே தோட்டத்து மாரியம்மன் கோயில் செயலாளராகிய நான், “மாமா, போர்ட்ட அடைச்சிட்டாங்களாம்” என்றபோது, ஆபீஸ் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற மாமா, “எப்படிடா? நேத்துதானே உன் மச்சான் அங்க போய்க் குளிச்சிட்டு வந்தான்?” என்று கேட்டதில் பிழையில்லை. அச்சொல்லுக்கு இரண்டாம் பொருளும் உண்டென நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

தபால்காரருக்கு ரந்தாவ் என்றால் 71200 போதும். கணினிக்கோ கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் 65,535 உள. அவற்றுள் 25-ஆம் வாசல் கடிதம் போவதற்கு. அவ்வழியே மின்னஞ்சல் அனுப்பும் நெறியை 1982 ஆகஸ்டில் எழுதியவர் ஜான் போஸ்டெல். தபாலுக்கு விதி செய்தவர் பெயர் போஸ்டெல் என அமைந்தது தற்செயலே என்பாரும் உளர். அவரோடு இவ்வாய்வாளர் உடன்படார்.

போஸ்டெலின் நெறி, ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை. அனுப்புநர் என்று எதை எழுதினாலும் நம்பிவிடும். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் இரவெல்லாம் குப்பைக் கடிதங்களைத் தள்ளத் தொடங்கவே, பல நாடுகளிலும் இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கு 25-ஐச் சாத்தின. ஒட்டுப்பால் களவு போகிறதென்று ஜாகா பின்கேட்டைப் பூட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் போன கதைதான்.

நோய்க்குறி நுட்பமானது. கடவுச்சொல் தவறினால் சர்வர் உடனே திட்டும். வாசல் அடைபட்டிருந்தால் திட்டாது, பேசவே பேசாது. கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல. திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘டைம் அவுட்’ என்று வரும். வரவேண்டிய கடிதங்களோ வந்துகொண்டே இருக்கும், அவை 993 என்னும் வேறு வாசலால் வருவதால். இது தெரியாத நான் தீமிதி அழைப்பை ஏழு முறை அனுப்பிப் பார்த்தேன்.

“வருது மாமா, போவ மாட்டேங்குது.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ டெஸ்பாட்ச் புக்கு மாதிரி ஒண்ணு இருக்கணுமே? பேரெழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வெளிய போவும்.”

கணினியைத் தொட்டறியாதவர் சொன்ன இலக்கணம் 587-ஆம் வாசலுக்கு அப்படியே பொருந்துகிறது. 1998-இல் வகுக்கப்பட்ட அவ்வாசலில் இன்று பெயரும் கடவுச்சொல்லும் சொல்லாதவர் கடிதம் நகராது. (465 என்றொரு வாசலும் உண்டு. 1997-இல் பூட்டிய கடிதங்களுக்கென ஒதுக்கி, விரைவிலேயே பறித்து, வேறொரு வேலைக்குக் கொடுத்து, 2018-இல் பழைய வேலைக்கே திரும்ப அழைத்தார்கள். தோட்ட நிர்வாகத்தில் பழகியவர்க்கு இது வியப்பளிக்காது.)

செட்டிங்ஸில் 25-ஐ அழித்து 587 என்று எழுதினேன். பாதுகாப்பு என்ற இடத்தில் ஸ்டார்ட்-டிஎல்எஸ். சர்வர் பெயர், வீட்டு இணையம் தருபவருடையது அன்று, கோயில் முகவரியை வைத்திருப்பவருடையது. பயனர் பெயராக முழு முகவரி. பொத்தானை அழுத்தியதும் அவுட்பாக்ஸ் காலியாயிற்று.

காலியானது ஏழும். அறுபது பேருக்கு ஏழு முறை, ஆக 420. அவ்வெண்ணின் சட்டப்பொருளை வேறு ஆய்வாளர் கவனிப்பாராக. 1978 மே 3-இல் கேரி துர்க் என்னும் அமெரிக்கர் கணினி விற்பனைக்காகச் சுமார் 400 பேருக்கு அனுப்பியதையே உலகின் முதல் குப்பை மின்னஞ்சல் என்பர். அவரைச் சற்றே மிஞ்சிவிட்டேன்.

மறுநாள் காலை 993 வழியாக ஒரு பதில் வந்திருந்தது. “செயலாளர் அவர்களுக்கு: வருகிறேன், வருகிறேன், வருகிறேன், வருகிறேன், வருகிறேன், வருகிறேன், வருகிறேன்.”