துரைமார் தொலைத்த ‘நீ’

பழைய ஆங்கில வாசகங்களில் ‘தவ்’, ‘தீ’, ‘தை’ என்று கண்டதும் நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். வேதாகமத்தில் வருகிறதே, பெரிய இடத்துச் சொல்லாகத்தான் இருக்கும் என்ற பயபக்தி. தமிழாக்கச் சொன்னால் ‘தாங்கள்’, ‘நீவிர்’ என்று பட்டு உடுத்தி அனுப்புவார்கள். உண்மையில் ‘தவ்’ வெறும் ‘நீ’. ‘தீ’ என்றால் ‘உன்னை’, ‘தை’ என்றால் ‘உன்’. (இந்தத் தீ சுடாது, இந்தத் தை பிறந்து வழி பிறந்ததாகவும் தகவல் இல்லை.) மரியாதைக்குரிய ‘நீங்கள்’ அந்தக் காலத்தில் ‘யீ’, ‘உங்களை’ என்பதுதான் இன்று எல்லார் தலையிலும் கட்டப்படும் ‘யூ’. இந்த வேறுபாட்டை லண்டன்காரருக்குப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டும். மலேசியாவின் பகாவ் தோட்டத்து லயத்துப் பிள்ளையோ தம்பியை ‘நீ’ என்றும் கிராணியை ‘நீங்க’ என்றும் பள்ளிக்கூடம் போகுமுன்பே பிரித்துவிடும். பக்கத்துக் கம்பத்தில் பேசும் நெகிரி மலாயில் ‘நீ’க்கு ‘எக்காவ்’ உண்டு. அதைக் கூட்டாளியிடம் சொல்லலாம், ஊர்த்தலைவரான பெங்ஹுலுவிடம் சொல்லக்கூடாது என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே பழைய ஆங்கிலத்துக்கு உரையாசிரியராக அமர பகாவ்காரருக்கே முதல் தகுதி என்பது என் கட்சி.

“கடவுளையே ‘தவ்’ என்கிறார்களே, அது மரியாதை இல்லாமல் என்ன?” என்று கேட்கலாம். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் கடவுளையும் ‘தவ்’ என்கிறது, சாத்தானையும் ‘தவ்’ என்கிறது. இருவருக்கும் ஒரே மரியாதையா? மூலமான எபிரேயமும் கிரேக்கமும் ஒருமை பன்மை பிரிப்பவை. ஒருமைக்கு ஒருமையைப் போட்டார்கள், அவ்வளவுதான். நம்மைக் குழப்பியது, கர்த்தரைத் ‘தேவரீர்’ என்றழைக்கும் தமிழ் வேதாகமம். தேவாரம் பாடியவர்கள் சிவனை ‘நீ’ என்றும் அழைத்தார்கள், சிவன் கோபித்துக்கொள்ளவில்லை. மனிதர்கள்தான் கோபிப்பார்கள். 1603இல் வால்டர் ராலி மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசு வழக்குரைஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தவ்’ போட்டுத் திட்டினார். பெரிய மனிதரைப் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னும் ‘டேய்’ என்றால் எப்படியோ, அப்படி. அந்த நூற்றாண்டிலேயே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர் எல்லாரும் சமம் என்று சொல்லி மேலோரையும் ‘தவ்’ என்றார்கள், உதை வாங்கினார்கள். மரியாதைச் சொல்லுக்கு யாரும் உதைப்பதில்லை.

வினைச்சொல்லில் நமக்கு இன்னும் வசதி. ‘தவ்’ வந்தால் வினையின் வாலில் ‘எஸ்ட்’, ‘அவன்’ வந்தால் ‘எத்’. நம் ‘வந்தாய்’, ‘வந்தான்’ வேலைதான். இது தெரியாமல், பழமை மணக்கட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் ‘எத்’ ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஐ’ போட்டு ‘எத்’ ஒட்டினால் ‘நான் வருகிறான்’ என்று பொருள். பால்வெட்டப் போகும் அவசரத்தில்கூடத் தமிழன் அப்படி உளறமாட்டான். ‘தவ் ஆர்ட்’ என்பதில் கலை ஏதும் இல்லை, ‘நீ இருக்கிறாய்’. ‘மீதிங்ஸ்’ என்பதைத்தான் நான் மிக ரசிக்கிறேன். அது ‘நான் நினைக்கிறேன்’ இல்லை, ‘எனக்குத் தோன்றுகிறது’. பசி, தூக்கம், சந்தேகம் எல்லாவற்றையும் ‘எனக்கு’ என்றே தொடங்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

“செத்த சொல்லுக்கும் பகாவுக்கும் என்ன உறவு?” என்பது அடுத்த கேள்வி. ஜப்பானியர் காலத்தில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்கள் பகாவ் காட்டில் குடியேற்றப்பட்டார்கள். அழைத்துவந்த ஆயர் தெவால் 1945இல் இறந்தார். குடியேறியவர்களில் யூரேசியர் பலருக்கு வீட்டுமொழியே ஆங்கிலம். ஆங்கிலத்தில் மரியாளை வேண்டும் ஜெபம் அவரை ‘தவ்’ என்றும் ‘தீ’ என்றும்தான் அழைக்கிறது. மலேரியாவும் மரவள்ளியுமாகக் கிடந்த காட்டில் அந்தச் சொல் உயிரோடுதான் இருந்திருக்கும்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கதை வேறு. சொந்த மொழியில் ‘நீ’யைத் தொலைத்து, வேலைக்காரரையும் ராணியையும் ஒரே ‘யூ’வில் அழைத்த இனம் அது. சமத்துவம் பழகிவிட்டது, தோட்டத்திலும் ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புதிதாக வந்த சின்னத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க, 19ஆம் நூற்றாண்டில் ஃபெர்குசன் என்பவர் இலங்கையில் ஒரு கைப்புத்தகம் போட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’.