உங்கள் கே.ஒய்.சி. நிலுவையில் உள்ளது

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, எங்கள் வங்கி.
பொருள்: திருடன் யார், தாங்கள் யார் என்று பிரித்தறிய உதவி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆம்பூர் டேனரியில் முப்பது வருடம் 'செலக்‌ஷன்' பார்த்தவன் நான். ஆட்டுத்தோலைத் தடவினால் போதும், எது முள் கீறியது, எது உண்ணி கடித்தது, எது அம்மைத் தழும்பு என்று விரல் சொல்லிவிடும். குரலைத் தடவிப் பார்க்கத் தெரியாததால் 38,000 ரூபாய் போயிற்று.

ஏ.டி.எம். பணம் தரவில்லை, கணக்கில் மட்டும் கழித்துக்கொண்டது. கிளைக்கு வந்தேன். "கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்க" என்றார்கள். இணையத்தில் தேடி, முதலில் வந்த நம்பரை அழைத்தேன். ஒரே ரிங்கில் எடுத்தார்கள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் என்றைக்கு ஒரே ரிங்கில் எடுத்தார்கள்?

"கவலைப்படாதீங்க சார்" என்று ஓர் ஆப்பை இறக்கச் சொன்னார். அது காட்டிய எண்ணைக் கேட்டு வாங்கினார். 'அனுமதி' என்று வந்ததையெல்லாம் அமுக்கினேன். அதன்பின் என் போன் திரை அவர் கண்முன். "பணம் திரும்ப ஏறணும், பின் நம்பர் போடுங்க" என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. ஓ.டி.பி.யை நான் வாய்திறந்து சொல்லவே இல்லை ஐயா, அவரே படித்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் என் மகள் வந்து போனைப் பிடுங்கி, நெட்டை அணைத்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்ததால் மிச்சம் தப்பியது.

இந்த வகை ஆப்களில் ஒன்றான எனிடெஸ்க் வழியாக மோசடி நடக்கலாம் என்று 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை ரிசர்வ் வங்கி எச்சரித்ததாம். அந்தக் காகிதம் பாலாற்றில் தண்ணீர் வரும்போதுதான் எங்கள் கிளைக்கு மிதந்து வரும் போலிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2017 விதியை மட்டும் உங்கள் அதிகாரி மனப்பாடமாக ஒப்பித்தார்: வாடிக்கையாளர் கவனக்குறைவால் போனால், புகார் தரும்வரை போனது வாடிக்கையாளருடையது; அதற்குப் பிறகு போவதுதான் வங்கியுடையது. "இனிமே போன்ல யார் கேட்டாலும் எதையும் சொல்லாதீங்க" என்று புத்தியும் சொன்னார்.

அப்படியே நடந்தேன். போன மாதம் ஏதோ ஒரு மொபைல் எண்ணிலிருந்து ஒரு பெண், "பேங்க்ல இருந்து பேசறோம், கே.ஒய்.சி. முடிக்கணும், பிறந்த தேதி சொல்லுங்க" என்றார். துண்டித்தேன். மூன்று முறை அழைத்தார், மூன்று முறையும் துண்டித்தேன். அது நிஜமாகவே நீங்கள்தானாம்! கணக்கை முடக்கிவிட்டீர்கள்.

வங்கிகள் பேசுவதற்கென்றே 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்களே, அதிலிருந்து கூப்பிட்டால் என்ன? கார்டின் முதுகில் எறும்பு எழுத்தில் இருக்கும் உங்கள் நம்பரை, பாஸ்புக் அட்டையில் ஆள் படிக்கிற அளவில் அச்சடித்தால் என்ன?

வரும் திங்கட்கிழமை நேரில் வருகிறேன். ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு ஆகியவற்றுடன் கவுண்டரில் தயாராக இருக்கவும். தங்கள் கே.ஒய்.சி.யை நான் முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆம்பூர் வாடிக்கையாளன்
கணக்கு எண்: சொல்ல மாட்டேன்