கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பது எப்படி?

ஏமாறுவதற்கு முட்டாளாக இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையே இல்லை. நல்ல மனிதர் என்று பெயரெடுக்கும் ஆசை இருந்தால் போதும். பயிற்சிக்கு உகந்த ஊர் நியூயார்க், ஆண்டு 1849.

நல்ல கோட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலி வெளியே தெரியட்டும். வில்லியம் தெருவில் நிதானமாக நடந்தால், டீக்காக உடுத்திய ஒருவர் நெடுநாள் பழகியவர்போல நலம் விசாரிப்பார். வில்லியம் தாம்ப்சன் என்பது அவருடைய பல பெயர்களில் ஒன்று. எங்கே பார்த்தோம் என்று உங்களுக்கு நினைவு வராது. பதற வேண்டாம், பார்த்திருந்தால்தானே வரும்? 'நீங்க யாரு?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கல்யாணப் பந்தியில் பெயர் மறந்த உறவினரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்போமே, அதைச் சிரியுங்கள்.

பேச்சு களைகட்டியதும், என்மேல் நம்பிக்கை வைத்து உங்கள் கடிகாரத்தை நாளை வரை தருவீர்களா என்பார். சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். மறுத்தால் கடிகாரம் தப்பும், ஆனால் ஒரு கண்ணியவானை முகத்துக்கு நேரே திருடன் என்று சொன்னதாகிவிடும். அந்தச் சங்கடத்துக்குக் கடிகாரமே போகட்டும் என்று 110 டாலர் பெறுமானதைக் கழற்றிக் கொடுத்தார் ஒருவர், மே மாதத்தில். ஜூலையில் அதே ஆளைத் தெருவில் கண்டதும் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். இது நம் பாடத்தில் கிடையாது. தேர்ந்த ஏமாளி வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்.

பிடிபட்டவருக்கு 'கான்ஃபிடன்ஸ் மேன்', அதாவது நம்பிக்கை மனிதர், என்று பெயர் சூட்டியது நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை. ஆங்கிலத்தில் இன்று மோசடிக்காரரைக் குறிக்கும் 'கான் மேன்' அதன் சுருக்கம். இதே தொழிலை வால் ஸ்ட்ரீட்டில் பெரிய அளவில் செய்பவர்கள் மாளிகையில் வாழ்கிறார்கள் என்றும் அந்தப் பத்திரிகை குத்திக் காட்டியது. பாவம், தாம்ப்சனுக்குத்தான் பெரிதாக யோசிக்கத் தெரியவில்லை.

மேற்படிப்புக்கு 1920-ல் பாஸ்டனுக்குப் போகலாம். 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருகிறார் சார்லஸ் போன்ஸி. வெளிநாட்டில் மலிவாக வாங்கிய பதில் தபால் கூப்பனை அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றிச் சம்பாதிப்பதாகச் சொல்வார். தலையாட்டுங்கள். முன்னால் பணம் போட்ட மைத்துனருக்குச் சொன்ன தேதியில் பணம் வந்துவிட்டதே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அது பின்னால் வந்த உங்கள் பணம் என்பதையெல்லாம் தோண்டக் கூடாது.

அவர் வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் தேவைப்படும், புழக்கத்தில் இருப்பதோ சுமார் 27,000 என்று கிளாரன்ஸ் பாரன் என்ற பத்திரிகைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஊரே பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நிற்கும். நீங்களும் நில்லுங்கள். போன்ஸியே சிரித்த முகமாக வந்து காபியும் டோனட்டும் கொடுக்கச் சொல்வார். இவ்வளவு மரியாதை தெரிந்தவர் ஏமாற்றுவாரா? டோனட்டைத் தின்று முடித்து, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். அன்றைக்குப் பலர் அப்படித்தான் திரும்பினார்கள்.